'அழுதா அம்மா வந்து கூட்டிட்டுப் போயிடுவா!' - துக்கத்தில் இருக்கும் குழந்தையைத் துரத்தும் பேய் எது?

2022 டிசம்பர் 22-ம் தேதி நயன்தாரா நடித்த 'கனெக்ட்' ரிலீஸானது. அந்த வார ஞாயிற்றுக்கிழமை, அம்பத்தூர் பக்கத்துத் தியேட்டர் ஒன்றில் சித்தி பொண்ணோடு போய்ப் பார்த்தேன். இடைவேளை இல்லாமல் ஓடும்படி எடுக்கப்பட்ட 99 நிமிடப் படம். படம் முடிந்து லைட் போட்டதும் எல்லோரும் சிரித்துப் பேசிக்கொண்டே எழுந்து போனார்கள். நான் மட்டும் சீட்டிலேயே உட்கார்ந்திருந்தேன்.

"என்னக்கா, அவ்ளோ பயந்துட்டியா?" என்றாள் சித்தி பொண்ணு.

"பேய்க்குப் பயமில்லடி. அந்தப் பொண்ணை எனக்கு நல்லாத் தெரியும்" என்றேன். அவளுக்குப் புரியவில்லை. அன்றைக்கு அவளுக்குச் சொல்லாததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பேய் எப்படி உள்ளே வந்தது?

'மாயா', 'கேம் ஓவர்' படங்களை எடுத்த அஸ்வின் சரவணன்தான் 'கனெக்ட்' படத்தின் இயக்குநர். கதை கொரோனா ஊரடங்குக் காலத்தில் நடக்கிறது. அப்பா டாக்டர். மருத்துவமனையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர் கொரோனாவில் இறந்துவிடுகிறார். அம்மாவும் டீன் ஏஜ் மகளும் வீட்டுக்குள்ளேயே தனிமைப்படுத்தப்படுகிறார்கள். அப்பாமீது உயிரையே வைத்திருந்த அந்தப் பெண், அவரோடு ஒருமுறை பேசிவிட முடியாதா என்று ஆவிகளை அழைக்கும் ஓஜா போர்டு பக்கம் போகிறாள். கூப்பிட்டது அப்பாவை. வந்ததோ வேறொன்று.

மும்பையில் இருக்கும் பாதிரியாராக வரும் அனுபம் கெர், வீடியோ காலிலேயே பேயோட்டுவது படத்தின் பெரிய சுவாரஸ்யம். ஆனால், எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது வேறு. பேய் உள்ளே வந்த வாசல் எது? அப்பாவுக்கு விடைகொடுக்க முடியாத அந்தப் பெண்ணின் மனசுதான். பக்கத்து அறையில் அம்மா இருக்கிறார். போனில் தாத்தா சத்யராஜ் இருக்கிறார். ஆனாலும் அவள் தனியாகத்தான் அழுகிறாள்.

இந்த மாதிரிக் கதைகள் உலகம் முழுக்க இருக்கின்றன. 2014-ல் வெளியான ஆஸ்திரேலியப் படம் 'தி பாபடூக்'. அதில் சாமுவேல் என்ற சிறுவனைத் தொப்பியும் கறுப்புக் கோட்டும் போட்ட ஓர் உருவம் துரத்துகிறது. அவனுடைய அம்மாவைப் பிரசவத்துக்கு அழைத்துப் போகும் வழியில்தான் அப்பா விபத்தில் இறந்திருப்பார். அதனால் அந்த வீட்டில் யாரும் அப்பா பற்றிப் பேசுவதே இல்லை. பேட்ரிக் நெஸ் எழுதி 2011-ல் வந்த 'எ மான்ஸ்டர் கால்ஸ்' நாவலில், புற்றுநோயால் அம்மாவை இழந்துகொண்டிருக்கும் கோனார் என்ற சிறுவனைத் தேடி நள்ளிரவு 12:07-க்கு ஒரு பிரமாண்ட மரப் பூதம் வருகிறது.

இந்த மூன்றிலும், பெரியவர்களோ குழந்தையோ ஏதோ ஒன்றைப் பேசாமல் மறைக்கிற வீட்டுக்குத்தான் பூதம் வருகிறது. எங்கள் வீட்டுக்கும் வந்தது.

பட்டரைவாக்கத்தில் ஒரு கொலுசுச் சத்தம்

அப்போது நான் மூன்றாம் வகுப்பு. அப்பாவுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன லேத் பட்டறையில் வேலை. பட்டரைவாக்கம் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் வாடகை வீடு. அம்மாவுக்கு மஞ்சள் காமாலை வந்து, முற்றி, ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அன்றைக்கே பூந்தமல்லியிலிருந்து அத்தை வந்து என்னை அவர் வீட்டுக்கு அழைத்துப் போய்விட்டார். "அம்மாவுக்கு ஊசி போடணும்ல, ரெண்டு நாள்ல வந்துடுவாங்க" என்றார்கள்.

இரண்டு நாள் பதினாறு நாளானது. திரும்பி வந்தபோது வீடு கழுவிவிட்டது போல் இருந்தது. அம்மா படத்துக்கு மாலை போட்டிருந்தார்கள். மாலை போட்டால் என்ன அர்த்தம் என்று எனக்கு அரைகுறையாகத் தெரியும். கேட்டபோது, "அம்மா சாமிகிட்டப் போயிருக்கா" என்றார்கள். எப்போது திரும்பி வருவாள் என்று கேட்டேன். யாரும் பதில் சொல்லவில்லை.

நான் ராத்திரியில் அழ ஆரம்பித்தேன். எங்களோடு தங்கியிருந்த அத்தை மூன்று நாள் சமாதானப்படுத்திப் பார்த்தார். நான்காவது நாள் சொன்னார்: "பாப்பா, இப்படி அழுதா அம்மா ஆவி அடங்காது. ராத்திரி வந்து உன்னையும் கூட்டிட்டுப் போயிடுவா."

அழுகை அன்றோடு நின்றது. பயம் ஆரம்பித்தது.

மறுநாள் தாயத்து கட்டினார்கள். தலையணைக்கு அடியில் வேப்பிலையும் ஓர் இரும்பு ஆணியும் வைத்தார்கள். கதவுக்குப் பின்னால் அம்மாவின் நைட்டி மாட்டியபடியே இருந்தது. லைட் அணைத்தால் அது நைட்டியாக இருக்காது. மாடி போர்ஷனில் புதிதாகக் கல்யாணமான ஓர் அக்கா கொலுசு போட்டுக்கொண்டு நடப்பார். என் அம்மாவும் கொலுசு போட்டிருந்தார். கடைசி ரயில்களில் ஒன்று ஆவடி பக்கம் போகும் சத்தம் அடங்கிய பிறகு அந்தக் கொலுசு கேட்கும். போர்வைக்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடப்பேன். பல காலைகளில் பாய் நனைந்திருக்கும்.

இதில் எனக்கு இன்றைக்கும் மனசு ஆறாத விஷயம் ஒன்று உண்டு. நான் பயந்தது பூச்சாண்டிக்கு இல்லை. என் அம்மாவுக்கு. உலகத்திலேயே எனக்கு ரொம்பப் பிடித்த ஆளை, என்னைத் தூக்கிப்போக வரும் ஒன்றாக மாற்றிவிட்டார்கள். அம்மா வேண்டும் என்று ஏங்குவேன், உடனே வந்துவிடக் கூடாதே என்று நடுங்குவேன்.

குழந்தைக்கு மரணம் என்றால் என்ன?

எட்டு வயசுப் பிள்ளை இதை ஏன் அப்படியே நம்புகிறது? இதற்குப் பதில் தேடியபோது ஒரு பழைய ஆய்வு கிடைத்தது. மரியா நாகி என்ற உளவியலாளர், ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரிலும் சுற்றுப்பகுதிகளிலும் 3 முதல் 10 வயது வரையிலான 378 குழந்தைகளிடம் மரணம் பற்றிக் கேட்டறிந்தார். 1948-ல் அந்த ஆய்வு வெளியானது.

ஐந்து வயசுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்கு மரணம் என்பது முடிவு இல்லை. ஊருக்குப் போவது போல, தூங்குவது போல. போனவர் வந்துவிடுவார். ஒன்பது வயசுக்கு மேல், மரணம் எல்லோருக்கும் வரும், வந்தால் திரும்ப முடியாது என்று புரிந்துவிடுகிறது. இடைப்பட்ட ஐந்து முதல் ஒன்பது வயசுக் குழந்தைகள் பலர், மரணத்தை ஓர் ஆளாகவே பார்த்தார்கள். இருட்டில் வருகிற, ஆட்களைப் பிடித்துப் போகிற ஓர் ஆள். ஓடி ஒளிந்துகொண்டால் தப்பித்துவிடலாம்!

பின்னாளில் வேறு நாடுகளில் நடந்த ஆய்வுகளில் எல்லாக் குழந்தைகளும் இப்படி நினைப்பதாகத் தெரியவில்லை. வீட்டில் என்ன சொல்லி வளர்க்கிறார்கள் என்பதும் இதில் சேர்ந்திருக்கிறது. ஆனால், நாகி சொன்ன நடு வயசில்தான் நான் அப்போது இருந்தேன். என் வீட்டில் அந்த ஆளுக்கு என் அம்மாவின் முகத்தையே கொடுத்துவிட்டார்கள்.

நெஞ்சில் உட்காரும் 'அமுக்குவான்'

'ஆனா நான் நிஜமாவே பார்த்தேனே' என்று சிலர் சொல்வார்கள். பார்த்திருக்கலாம். அவர்கள் பொய் சொல்லவில்லை.

தூக்கத்தில் கனவு காணும் நேரத்தில், கை கால் அசையாதபடி மூளை தசைகளைக் கட்டிவைத்திருக்கும். சில நேரம் அந்தக் கட்டு அவிழ்வதற்கு முன்பே விழிப்பு வந்துவிடும். கண் திறந்திருக்கும். உடம்பு அசையாது. நெஞ்சில் யாரோ உட்கார்ந்திருப்பது போல, அறை மூலையில் ஓர் உருவம் நிற்பது போல இருக்கும். கத்தினால் சத்தம் வராது. சில விநாடிகளிலோ ஓரிரு நிமிடங்களிலோ தானாகவே விலகிவிடும். நம் ஊரில் இதற்குத்தான் 'அமுக்குவான் பேய்' என்று பெயர். மருத்துவத்தில் உறக்க முடக்கம் என்பார்கள். சரியான தூக்கமில்லாதவர்களுக்கும் மல்லாந்து படுப்பவர்களுக்கும் இது அதிகம் வரும். துக்க வீட்டில் யாருக்குச் சரியான தூக்கம் இருக்கிறது?

இறந்தவர் பக்கத்தில் இருப்பது போலத் தோன்றுவதும் அபூர்வமானது அல்ல. வேல்ஸ் பகுதியைச் சேர்ந்த டாக்டர் டெவி ரீஸ், கணவனையோ மனைவியையோ இழந்த 293 பேரிடம் கேட்டு, 1971-ல் எழுதினார். ஏறக்குறைய பாதிப் பேர், இறந்தவர் அருகில் இருப்பதை உணர்ந்ததாகவோ, குரலைக் கேட்டதாகவோ, உருவத்தைப் பார்த்ததாகவோ சொல்லியிருந்தார்கள். பலருக்கு அது ஆறுதலாகத்தான் இருந்தது.

இங்கேதான் வித்தியாசம். 'அம்மா பக்கத்துல இருக்கிற மாதிரி இருக்கு' என்று ஒரு பிள்ளை சொல்லும்போது, 'அப்படியா கண்ணு, அம்மா ஞாபகம் வந்துச்சா?' என்று கேட்டால் அது ஆறுதல். 'ஐயோ, காத்து கருப்பு' என்று பதறினால் அது பேய்.

அப்பா தரையில் உட்கார்ந்த இரவு

அப்பாவுக்கு அப்போது செகண்ட் ஷிஃப்ட். ராத்திரி பதினொன்றரைக்குத்தான் வருவார். ஒருநாள் வந்தபோது, நான் சமையலறையில் லைட்டைப் போட்டுக்கொண்டு அந்த இரும்பு ஆணியைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். அத்தை நல்ல தூக்கத்தில் இருந்தார்.

"என்ன பாப்பா, தூங்கலையா?"

"அப்பா, அம்மாகிட்ட என்னைக் கூட்டிட்டுப் போக வேணாம்னு சொல்லுப்பா."

அப்பா டிபன் பாக்ஸை வைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார். எனக்கு முன்னால் அவர் அழுதது அதுதான் முதல் தடவை. பிறகு சொன்னார்: "அம்மா செத்துட்டாம்மா. ஈரல் கெட்டுப்போச்சு. டாக்டருங்க எவ்வளவோ பார்த்தாங்க, முடியல. செத்தவங்க திரும்ப வர முடியாது. அப்படி வர முடிஞ்சாலும், உன்னைப் பயமுறுத்தவா வருவா? தலை பின்னிவிடத்தான் வருவா."

'செத்துட்டா' என்ற வார்த்தையை ஒருவர் என்னிடம் நேராகச் சொன்னது அப்போதுதான். வலித்தது. கூடவே ஏதோ ஒன்று இறங்கியது போலவும் இருந்தது. அதற்குப் பிறகுதான் நான் யாரிடமும் சொல்லாததைச் சொன்னேன். ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தைய நாள், ஸ்கெட்ச் பென் வாங்கித் தரவில்லை என்று அம்மாவிடம், "நீ செத்துப் போ" என்று கத்தியிருந்தேன். அம்மா என்னைக் கூட்டிப்போக வருவது அதற்குத் தண்டனையாகத்தான் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

அப்பா என்னை மடியில் போட்டுக்கொண்டார். "வாய்ல சொன்னா யாரும் சாக மாட்டாங்க. அம்மாவே அதை என்கிட்டச் சொல்லிச் சிரிச்சா" என்றார். அம்மா நிஜமாகவே சிரித்தாரா, அப்பா எனக்காகச் சொன்னாரா என்று நான் இதுவரை கேட்டதில்லை.

'எ மான்ஸ்டர் கால்ஸ்' கதையிலும் அந்த மரப் பூதம் சிறுவனைக் கொல்ல வரவில்லை. அவன் மனசில் புதைத்து வைத்திருக்கும் ஓர் உண்மையை அவன் வாயால் சொல்லவைக்கத்தான் வருகிறது. படித்தபோது, எங்கள் வீட்டுச் சமையலறைதான் ஞாபகத்துக்கு வந்தது. தான் நினைத்ததால், தான் சொன்னதால்தான் அது நடந்தது என்று சின்னப் பிள்ளைகள் நம்புவது மிகவும் சகஜம். கேட்டால் ஒழிய, தானாகச் சொல்லவே மாட்டார்கள்.

பயம் அன்று ஒரே ராத்திரியில் போய்விடவில்லை. கொலுசுச் சத்தம் கேட்டால் பல மாதங்களுக்குத் திடுக்கிடும். ஆனால், எழுந்து அப்பாவை எழுப்பலாம் என்று தெரிந்திருந்தது. தாயத்தை அப்பா கழற்றவில்லை. அத்தை மனசு நோகும் என்று விட்டுவிட்டார். ஆறாம் வகுப்பில் அதுவாகவே அறுந்து விழுந்தது. யோசித்துப் பார்த்தால், தாயத்தால் எனக்குக் கெடுதல் ஒன்றும் இல்லை. அதோடு சேர்த்துக் கட்டிய அந்த வார்த்தைதான் கெடுதல்.

ஒன்றரை லட்சம் வீடுகள்

என் கதை ஒரு வீட்டுக் கதை. கொரோனா இதைப் பல வீடுகளின் கதையாக்கிவிட்டது. தேசிய குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தில் ஒரு கணக்குக் கொடுத்தது. 2020 ஏப்ரலிலிருந்து கொரோனாவாலும் மற்ற காரணங்களாலும் தாயையோ தந்தையையோ இருவரையுமோ இழந்த, கைவிடப்பட்ட குழந்தைகள் 1,47,492 பேர். அதில் 10,094 பேர் இருவரையும் இழந்தவர்கள்.

கொரோனாவில் பெற்றோர் இருவரையும் இழந்த குழந்தைகளுக்கு 5 லட்சம் ரூபாய் வைப்புத்தொகையும், ஒருவரை இழந்திருந்தால் 3 லட்சம் ரூபாயும் வழங்கப்படும் என 2021 மே மாதம் தமிழக அரசு அறிவித்தது. படிப்புக்கும் சாப்பாட்டுக்கும் இந்தப் பணம் மிக அவசியம். ஆனால், மூடிக் கட்டிய உடலைத் தூரத்திலிருந்துகூடப் பார்க்காத பிள்ளைக்கு, 'உங்கப்பாவுக்கு என்ன ஆச்சு' என்று உட்காரவைத்துச் சொல்லவேண்டியது வீட்டில் இருப்பவர்கள்தான். அந்தப் பிள்ளைகள் பலர் இப்போது டீன் ஏஜில் இருக்கிறார்கள். உங்கள் தெருவிலும் ஒருவர் இருக்கலாம்.

குழந்தையிடம் என்ன சொல்லலாம்?

* 'இறந்துட்டாங்க' என்று சொல்லுங்கள். 'தூங்குறாங்க' என்றால் குழந்தை தூங்கவே பயப்படும். 'ஊருக்குப் போயிருக்காங்க' என்றால் காத்திருக்கும். 'சாமி கூட்டிட்டுப் போயிட்டார்' என்றால் அடுத்து யாரைக் கூட்டிப் போவாரோ என்று பயப்படும். சாமி நம்பிக்கையைச் சொல்வதில் தவறில்லை. இறப்பு என்றால் உடம்பு நின்றுவிட்டது, இனி வலிக்காது, பசிக்காது, திரும்ப வர முடியாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

* 'இது உன்னால நடக்கல' என்று குழந்தை கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். ஒரு தடவை போதாது.

* கடைசியாக முகம் பார்க்க வேண்டுமா என்று கேளுங்கள். அங்கே என்ன இருக்கும் என்று முன்கூட்டியே சொல்லி, கூடவே ஒருவர் இருங்கள். வேண்டாம் என்றால் வற்புறுத்தாதீர்கள்.

* காலையில் அழுத பிள்ளை சாயங்காலம் கிரிக்கெட் ஆடினால், 'இதுக்கு ஒண்ணும் புரியல' என்று நினைக்காதீர்கள். பெரியவர்கள் துக்கத்தில் ஆற்றில் இறங்கியது போல் நிற்போம். பிள்ளைகள் மழைத்தண்ணிக் குட்டையில் குதிப்பது போல உள்ளே போவார்கள், வெளியே வருவார்கள்.

* படுக்கை நனைவது, வயிற்றுவலி, தனியாகப் படுக்கப் பயம் எல்லாம் சில காலம் இருக்கும். திட்டாதீர்கள். மாதக்கணக்கில் நீடித்தாலோ, சாப்பாடு, தூக்கம், பள்ளி எல்லாம் பாதிக்கப்பட்டாலோ மனநல மருத்துவரைப் பாருங்கள். 'நானும் அம்மாகிட்டப் போகணும்' என்று பிள்ளை சொன்னால், 'போகணும்னா எப்படிக் கண்ணு?' என்று பதறாமல் கேளுங்கள், உதவியைத் தள்ளிப்போடாதீர்கள்.

குழந்தைகளுக்கான உதவி எண் 1098. மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் எண் 14416. இரண்டும் இலவசம். 1098 குழந்தைகளே நேராகக் கூப்பிடக்கூடிய எண்.

அத்தை சொன்ன பதில்

கொஞ்ச நாளைக்கு முன் பூந்தமல்லிக்குப் போயிருந்தபோது, ஓ.டி.டி-யில் ஒரு பேய்ப் படம் ஓடிக்கொண்டிருந்தது. பாதியில் அத்தையிடம் கேட்டேன்: "ஏன் அத்தை அன்னைக்கு அப்படிச் சொன்னீங்க?"

அத்தை டிவியை நிறுத்தினார். ரொம்ப நேரம் பேசவில்லை.

"எங்கம்மா போனப்போ எனக்கும் அப்படித்தான் சொன்னாங்க. அதுதான் வாய்ல வந்துடுச்சு. உங்கம்மா எனக்கு அண்ணி மட்டுமா, கூடப்பொறந்தவ மாதிரி. நீ அழுதா நானும் உடைஞ்சிடுவேன்னு பயம். வீட்டை யாரு பார்க்கிறது?"

அதுவரை அந்த வார்த்தைக்காக அத்தைமீது எனக்கு உள்ளூர ஒரு கோபம் இருந்தது. அவரும் அதே பேய்க்குப் பயந்து வளர்ந்த ஒரு சின்னப் பொண்ணுதான் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அன்று சாயங்காலம் இரண்டு பேரும் அம்மாவைப் பற்றிப் பேசினோம். அம்மாவுக்குப் பூரி சுட்டால் உப்பவே உப்பாதாம். அத்தை சொல்லிச் சிரித்தார், பிறகு அழுதார். நானும் அழுதேன்.

'தி பாபடூக்' படத்தின் முடிவில் அந்தப் பூதம் சாவதில்லை. வீட்டின் அடித்தளத்தில் ஓர் இடம் கொடுத்து, தினமும் தீனி போட்டு வைத்துக்கொள்கிறார்கள். துக்கமும் அப்படித்தான் என்று நினைக்கிறேன். அதற்கு வீட்டில் ஓர் இடம் வேண்டும்.

உங்கள் வீட்டில் ஒரு பிள்ளை இன்றைக்கு ராத்திரி போர்வைக்குள் விழித்துக்கொண்டு கிடந்தால், லைட்டைப் போட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். அழவிடுங்கள். முடிந்தால் நீங்களும் சேர்ந்து அழுங்கள்.